கணக்கில் வராத ஐந்து யூனிட்

ஜனவரி 9

அண்ணனுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? அண்ணியின் இருமல் எப்படி? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலையிலிருந்து ரசீது போட்டுப் போட்டு விரல்தான் வலிக்கிறது.

இந்த மாதம் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். முடியாது போலிருக்கிறது. கரண்ட் பில் இடி மாதிரி விழுந்திருக்கிறது. போன தடவை கட்டியதைப் போல மூன்று மடங்கு. பயணத்துக்கு எடுத்து வைத்த பணம் அதற்குப் போய்விட்டது. அடுத்த மாதம் பார்க்கலாம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மருந்தை மறக்க வேண்டாம்.

தங்கை


ஜனவரி 14

தங்கைக்கு,

வீக்கம் வடியவில்லை. வடிந்தால் நானே எழுதுவேன், இனிமேல் கேட்காதே. உன் அண்ணி இருமுகிறாள். மருந்து குடிக்கச் சொன்னால் அதற்கும் இருமுகிறாள்.

மூன்று மடங்கு என்று எழுதியிருக்கிறாய். அது ஒரு அளவா? எத்தனை யூனிட், எத்தனை நாளுக்கு, போன தடவை எத்தனை? முப்பத்தொரு வருஷம் எடை மேடையில் லாரிக்கு எடை போட்டவனின் தங்கை நீ. சரக்கோடு ஒரு எடை, காலி வண்டிக்கு ஒரு எடை, கழித்தால் சரக்கு. இதற்குமேல் உலகத்தில் கணக்கு கிடையாது. நான் எட்டாவதோடு நிறுத்தியவன்தான். ஆனால் படித்த இன்ஜினியர் மூன்று பேர் மேடை சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்ட அன்று, இருபது கிலோ கூடக் காட்டுகிறது என்று சொன்னவன் நான். யாரும் கேட்கவில்லை. பிறகு கேட்டார்கள். அதற்குள் பதவி உயர்வு வேறு ஆளுக்குப் போய்விட்டது. அது கிடக்கட்டும்.

நீ தனி ஆள். தனி ஆள் வீட்டில் பில் ஏறுகிறது என்றால் ஒன்று பொருள் கெட்டிருக்க வேண்டும், இல்லை திருட்டு நடக்க வேண்டும். உன் ஹவுஸ் ஓனர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் என்று சொன்னாய். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவர் உனக்கும் ஒன்று மாட்டப் பார்க்கிறாரோ என்னவோ.

வீட்டில் இருக்கிற மின்சாரப் பொருள் எல்லாவற்றையும் எழுது. ஒவ்வொன்றின் முதுகிலும் எத்தனை வாட் என்று அச்சடித்திருக்கும். ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதையும் எழுது. பிறகு ஒரு சாயங்காலம் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் பத்து நிமிஷம் நில். சிவப்பு விளக்கு சிமிட்டினால் யாரோ உன் கம்பியிலிருந்து இழுக்கிறார்கள் என்று அர்த்தம்.

போன் செய்யாதே. போனில் சொல்கிற எண் காற்றோடு போய்விடும். இன்னொன்றும் முன்பே சொல்லியிருக்கிறேன், மறுபடி சொல்கிறேன். நான் வாங்கிக் கொடுத்த ஆபீஸ் வேலையைச் சேர்ந்த பதினோராம் மாதமே உதறிவிட்டு மாவு பிசைவேன் என்று கிளம்பிப் போனாளே, அவள் பேச்சு நம் கடிதத்தில் வரக் கூடாது. ஏதோ ஹாஸ்டலில் இருக்கிறாளாம். இருக்கட்டும்.

குளிரில் தலைக்குக் குளிக்காதே.

அண்ணன்


ஜனவரி 25

அண்ணனுக்கு,

நான் சுகம்தான், தலைக்குக் குளிப்பதையும் குறைத்துவிட்டேன். நீங்கள் கேட்காதே என்று சொன்னதை நான் கேட்கவில்லை, அண்ணியிடம் கேட்டுக்கொள்கிறேன்.

பில்லில் அறுபது நாளுக்கு ஐந்நூற்றுப் பத்து யூனிட். போன தடவை இருநூற்றுப் பத்து.

பொருள்களை எழுதிவிட்டேன்: பழைய ஃப்ரிட்ஜ், ஃபேன் இரண்டு, விளக்கு ஐந்து (இரண்டு பழைய குண்டு பல்பு), தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர், டிவி, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி. வாட்டும் மணி நேரமும் பின்னால் ஒட்டிய தாளில் இருக்கிறது.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே மீட்டர் முன்னால் நின்றேன். சிமிட்டவே இல்லை. ஹவுஸ் ஓனர் கடையிலிருந்து அப்போதுதான் வந்தார்.

"என்னம்மா, மீட்டரையே பாத்துட்டு நிக்கறீங்க? உள்ளேயிருந்து ஏதாவது பொறக்கப் போகுதா?"

"எங்க அண்ணன் பாக்கச் சொன்னார்."

"அண்ணனுக்கு என்ன வேலை?"

"ரிட்டயர் ஆயிட்டார்."

"அதான்" என்றார்.

அவர் நல்ல மனுஷர், அண்ணா. அவரை ஒன்றும் நினைக்காதீர்கள். பில்லைக் கட்டியாகிவிட்டது. இதற்காக நீங்கள் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தங்கை


பிப்ரவரி 1

தங்கைக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். உன் அண்ணி உன் கடிதங்களை நான் படித்து முடித்ததும் வாங்கி இரண்டு தடவை படிக்கிறாள். நாற்பது வருஷமாக ஃபியூஸ் கம்பியைத் தொடாதவளுக்குக் கரண்ட் கணக்கில் எங்கிருந்து இந்த ஆசை வந்தது என்று தெரியவில்லை. நல்லதுதான்.

உன் தாளைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட் வருகிறது. அறுபது நாளுக்கு இருநூற்றுப் பத்து. பழைய பில்லுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் இப்போதைய பில் நாளைக்கு எட்டரை. ஐந்து யூனிட் எங்கே போகிறது? ஐந்து யூனிட் என்றால் சும்மா இல்லை. உன் வீட்டைப்போல இன்னொரு வீடு உன் வீட்டுக்குள் குடியிருக்கிறது.

யூனிட் இரண்டரை மடங்குதானே ஏறியது, பணம் ஏன் மூன்று மடங்கு ஆயிற்று என்று நீ யோசித்தாயா? யோசித்திருக்க மாட்டாய். பில்லின் பின்பக்கத்தைப் படி. முதல் நூறு யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்ததற்கு இன்னொரு விலை என்று படிப்படியாக ஏறும். ஐந்நூறைத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்குமே மேல்படி விலை. நீ தாண்டியது வெறும் பத்து யூனிட். அந்தப் பத்தைக் குறைத்திருந்தால் பாதி அடி தப்பியிருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பார். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. குளிர் ராத்திரி பகலாக வெளியே ஒழுகும். ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை, அதற்கும் மூச்சு வேண்டும். குண்டு பல்புகளைக் கழற்றி எறி. ஹீட்டரைக் குளிப்பதற்குக் கால் மணி முன்னால் போடு, குளிக்கப் போகும்போதே அணை.

மீட்டர் எண்ணை ஒரு வாரத்துக்குக் காலை, சாயங்காலம், படுக்கும்போது என்று மூன்று வேளையும் எழுது. வாட் தெரியாத பொருள் இருந்தால் அதை மட்டும் போட்டுவிட்டுச் சிமிட்டலை எண்ணு. உன் மீட்டரில் ஆயிரத்து அறுநூறு சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்று எழுதியிருக்கும். எனக்கு அந்த எண்ணிக்கை போதும், மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

நன்றாகச் சாப்பிடு.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணனுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேலைதான். இப்போதெல்லாம் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுக்கிறார்கள்.

ஃப்ரிட்ஜ் கதவில் கைக்குக் கிடைத்த உங்கள் கடிதத்தையே வைத்து மூடினேன். தானாகவே நழுவிக் கீழே விழுந்தது. ரப்பர் மாற்றிவிட்டேன். பல்பு மாற்றிவிட்டேன். ஹீட்டரில் நீங்கள் சொன்னபடி. நாளைக்கு அரை யூனிட்டுக்கு மேல் குறைந்திருக்கிறது. உண்மையாகவே சொல்கிறேன், எனக்கு இப்போது மீட்டரைப் பார்க்காமல் படி ஏற முடியவில்லை. மிக்ஸியைச் சுற்றினால் அந்தச் சிவப்பு விளக்கு பதறுகிறது, ஃபேனுக்கு நிதானமாகக் கண் சிமிட்டுகிறது. இதை ஏன் எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லித்தரவில்லை?

சாயங்கால எண்ணும் படுக்கும்போது எடுத்த எண்ணும் தாளில் இருக்கின்றன. காலையில் எடுக்க முடியவில்லை. அவசரம்.

மீதி ஐந்து யூனிட்டை விட்டுவிடுங்கள் அண்ணா. ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல முடியாத செலவு ஒன்று இருக்கும்தானே.

தங்கை


பிப்ரவரி 24

தங்கைக்கு,

உடம்பைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் இது.

சொல்ல முடியாத செலவு என்று ஒன்று கிடையாது. சொல்லாத செலவு உண்டு.

உன் தாளை மூன்று நாள் பார்த்தேன். சாயங்காலம் ஆறிலிருந்து ராத்திரி பத்துவரை உன் எண் யோக்கியமாக இருக்கிறது. ராத்திரி பத்திலிருந்து மறுநாள் சாயங்காலம் ஆறுக்குள் அந்த ஐந்து யூனிட் போகிறது. பகலில் நீ வீட்டில் இல்லை. காலையில் உனக்கு அவசரம். ஆக, உன் கண் இல்லாத நேரம் தெரிந்த ஒருவன் இழுக்கிறான். திங்கட்கிழமை மட்டும் இழுக்கவில்லை. கண்ணாடிக் கடைக்கு விடுமுறை என்றைக்கு என்று உன் பழைய கடிதம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை! அன்று அவர் வீட்டிலேயே இருப்பதால் சந்தேகம் தன் மேல் விழும் என்று பயந்து கையை வைக்கவில்லை போலும். தண்ணீர் மோட்டாரோ என்னவோ உன் கம்பியில் மாட்டியிருக்கிறார்.

நீ நல்லவர் என்கிறாய். எடை மேடையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவனெல்லாம் நல்லவன்தான். அவன் லாரியைத்தான் நான் இரண்டு தடவை எடை போடுவேன்.

ஆகவே அவருக்கே நேரில் எழுதிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. திருடியதைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இன்று காலை தபாலில் போட்டாயிற்று. இனி நீ தடுக்க முடியாது.

வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது.

அண்ணன்


மார்ச் 4

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும். நான் இதுவரை நலமாகத்தான் இருந்தேன். தங்கள் கடிதம் வந்தது.

இருபத்தாறு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். ஒருவர் கண்ணில் இல்லாத குறையைச் சொல்லி ஒரு கண்ணாடி விற்றதில்லை. என்னைத் திருடன் என்று எழுத்தில் எழுதிய முதல் ஆள் நீங்கள். என் மனைவி அதைப் படித்துவிட்டு, "இவர் நம்மள நேர்ல பாத்ததுகூட இல்லையே" என்று அழுதாள்.

ஆகவே கடையைப் பூட்டிவிட்டு ஒரு முழு நாள் மணிக்கு ஒரு தடவை மேல்வீட்டு மீட்டரைப் பார்த்து எழுதினேன். தாள் இணைத்திருக்கிறேன். காலை ஐந்திலிருந்து ஆறுவரை 1.7 யூனிட். ஆறிலிருந்து ஏழுவரை 1.7. ஏழிலிருந்து எட்டுவரை 1.6. மற்ற நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சம். இதில் என்ன மர்மம் இருக்கிறது? அது அடுப்பு ஓடுகிற நேரம். இவர்களிடம் ரொட்டி வாங்கி விற்கிற கடை திங்கட்கிழமை திறப்பதில்லை, அதனால் அன்று அடுப்பு இல்லை. என் கடை விடுமுறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இங்கே ஒளிவு மறைவு எதுவும் நடக்கவில்லை. ஆகஸ்ட் மாதம் அண்ணன் மகள் வந்து தங்கப் போகிறாள், இனி இரண்டு பேர் என்று உங்கள் தங்கை முறைப்படி என்னிடம் கேட்டார். தாராளமாக என்றேன். நவம்பரில் ரொட்டி சுடும் மின்சார அடுப்பு வைக்கலாமா என்று அந்தப் பெண்ணே வந்து கேட்டது. தனிக் கம்பி இழுக்க எலக்ட்ரீஷியனை அனுப்பியவன் நான்.

அந்த அண்ணன் நீங்கள்தான் என்றால், அந்த வீட்டில் அடுப்பு இருப்பது உங்களுக்கு எப்படி ஐயா தெரியாமல் போயிற்று?

எதுவாக இருந்தாலும், நம்பிக்கை இல்லாதவர்களோடு ஒரு கூரையின் கீழ் இருக்க எனக்கு மனமில்லை. ஏப்ரல் முடிவுக்குள் வீட்டைக் காலி செய்து தரும்படி உங்கள் தங்கையிடம் சொல்லிவிட்டேன்.

தங்கள் முழங்காலுக்கு ஓய்வு கொடுக்கவும். அதைப் பற்றி உங்கள் தங்கை கவலைப்படுவதைக் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஹவுஸ் ஓனர்


மார்ச் 9

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்க இன்று கை வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன், நலமா?

ஹவுஸ் ஓனர் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். உங்களுக்கும் எழுதியதாகச் சொன்னார். என்ன எழுதினார் என்று கேட்டேன். "உள்ளத எழுதினேன்" என்றார். பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மனைவி மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் துணி காயப்போட வந்தவர் காயப்போடாமலே திரும்பிப் போகிறார்.

தனிக் கம்பி இழுத்த வீடு இந்தத் தெருவில் வேறு கிடைக்காது. எங்களுக்கு...

எனக்கு இந்த வீடு வேண்டும்.

உள்ளது உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்றால் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

தங்கை


மார்ச் 23

அண்ணனுக்கு,

இரண்டு வாரம் ஆயிற்று. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இரண்டு தலை எட்டிப் பார்க்கிறது. ஒன்று என்னுடையது.

நீங்கள் அவள் பேச்சு வேண்டாம் என்றீர்கள். நான் எடுக்கவில்லை. பொய் சொல்லவும் இல்லை, அடுப்பை எழுதாமல் விட்டேன். ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் பெட்டியோடு வந்து நின்றாள். "அத்தை, நாலு நாள் இருக்கட்டுமா?" என்றாள். நாலு நாள்தான் இன்னும் முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை


ஏப்ரல் 2

கண்ணாடிக் கடைக்காரர் அவர்களுக்கு,

உங்கள் மனைவி நலமாக இருக்க வேண்டும். முதலில் அவருக்குத்தான் எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ளவும்.

நான் போட்ட கணக்கில் தப்பில்லை. ஐந்து யூனிட் வெளியே போகிறது என்றேன், போகிறது. ஆனால் மேடையில் என்ன நிற்கிறது என்று முழுதாகத் தெரியாமல் எடை போட்டுவிட்டேன். அதற்கு நீங்கள் காரணம் இல்லை. திருடன் என்று எழுதியது தப்பு. திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இது மன்னிப்பு. இதைவிட நீளமாக எனக்கு எழுதத் தெரியாது.

ஒரு நாள் முழுக்க மணிக்கு ஒரு தடவை எழுந்து போய்ப் புள்ளிக்குப் பின்னாலும் ஒரு எண் எழுதியிருக்கிறீர்கள். இன்னொருவர் எழுதிய கணக்கைச் சரிபார்க்காமல் நான் ஏற்றுக்கொண்டது இதுதான் முதல் தடவை. பிறகு சரிபார்த்தேன். சரியாக இருந்தது.

தப்பு செய்தவன் நான். வீட்டை விட்டுப் போக வேண்டியவர்கள் அவர்களாக இருக்கக் கூடாது. கேட்பது எனக்குப் பழக்கமில்லை, கேட்கிறேன்.

எடை மேடைக்காரன்


ஏப்ரல் 3

தங்கைக்கு,

ஒரு மாதம் எழுதாமல் இருந்தது முழங்காலால் இல்லை. முழங்கால் சரியாகிவிட்டது.

ஓனர் கடிதத்தைப் படித்துவிட்டு அடுக்களைக்குப் போய் உன் அண்ணியிடம் கேட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போதிலிருந்து?"

"அடுப்புக்குத் தவணை கட்டறதே நான்தானே."

"எந்தப் பணத்துல?"

"நீங்க கணக்கு நோட்ல எழுதாத பணத்துல. கத்தறதுன்னா கத்துங்க, பால் பொங்குது, நான் அந்தப் பக்கம் போறேன்."

கத்தவில்லை. லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் ஆள் படுத்திருந்தால்கூட எடையை வைத்துச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் ஒருத்தி, உன் வீட்டில் இரண்டு பேர், மூன்று பெண்கள் சேர்ந்து என் கண் முன்னாலேயே மறைத்திருக்கிறீர்கள். நீ செய்ததை நான் மன்னிக்கவில்லை. ஆபீஸ் வேலையை விட்டதையும் மன்னிக்கவில்லை. அது தனி.

இது கரண்ட் விஷயம். அடுப்பை ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் இதைப் படித்துக் காட்டு.

மூன்று மணி நேரமும் எண் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. அடுப்பு ஒரு தடவை சூடேறிவிட்டால் இழுப்பது குறைய வேண்டும். குறையவில்லை என்றால் கதவை அடிக்கடி திறந்து பார்க்கிறார்கள். திறக்காமல் இருக்கப் பழக வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும். இரண்டாவது, ஒரு தட்டு வெந்தபின் அடுத்த தட்டைப் பிசையக் கூடாது. எல்லாம் பிசைந்து தயாராக வைத்துக்கொண்டு அடுப்பைப் போட வேண்டும். காத்திருக்கிற அடுப்பும் தின்கிறது. மூன்றாவது, வெந்து முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அணைத்துவிட்டால் உள்ளே இருக்கும் சூடே மீதியைப் பார்த்துக்கொள்ளும். இந்த மூன்றையும் செய்தால் மேல்படிக்குப் போகாமல் தப்பலாம்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதமாக அதைத்தான் யோசிக்கிறேன். ஐந்து யூனிட்டுக்கு எத்தனை ரொட்டி? நீயும் எழுதவில்லை, ஓனரும் எழுதவில்லை. அது தெரியாமல் இந்த ஐந்து யூனிட் வீணா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது.

உன் அண்ணி இருமல் நின்றுவிட்டது என்று எழுதச் சொன்னாள்.

அண்ணன்


ஏப்ரல் 11

அப்பாவுக்கு,

நான் நலம். அத்தையும் நலம். ஹவுஸ் ஓனர் காலி செய்யச் சொன்னதை விட்டுவிட்டார். உங்கள் கடிதத்தைக் கடையில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்குக் கண் சோதனைக்கு அதைத்தான் படிக்கக் கொடுக்கிறாராம்.

ஐந்து யூனிட்டுக்கு முப்பத்தாறு ரொட்டி. நீங்கள் சொன்னபடி கதவைத் திறக்காமல், எல்லாம் பிசைந்து வைத்துக்கொண்டு செய்து பார்த்தேன். இப்போது நாலு யூனிட்டுக்கே முப்பத்தாறு. இரண்டும் சரி.

மூன்றாவது தப்பு. பத்து நிமிஷம் முன்னால் அணைத்தால் பிஸ்கட்டுக்கு ஆகும், ரொட்டிக்கு ஆகாது. மேல்தோல் சிவக்காமல் வெளுத்துப் போகிறது. ஆறு ரொட்டி வீணாயிற்று; அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிஷம்தான் ரொட்டிக்கு முக்கியம். அது ஏன் என்று எழுதத் தொடங்கினேன், நாலு பக்கம் ஆகியும் முடியவில்லை, கிழித்துப் போட்டுவிட்டேன்.

நான் ஆபீஸுக்குத் திரும்பப் போக மாட்டேன். நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்றும் தெரியும். ஆனால் மூன்றாவது விஷயத்தில் நீங்கள் தப்பு என்பதை இங்கே வந்து அடுப்பு முன்னால் நின்று பார்த்தால்தான் புரியும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சண்டையை அன்றைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுப்பு காலை ஐந்து மணிக்கு.

மகள்